யார் கணக்கிலும் சேராத மண்

பருவநிலை மாநாடுகளில் நாடுகளின் சார்பில் அமரும் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். உங்கள் உமிழ்வு அறிக்கைகளைப் பொறுமையாகப் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆலைப் புகையிலிருந்து மாட்டின் ஏப்பம் வரை அவற்றில் வரவு வைக்கப்படுகிறது. வடதுருவத்தை ஒட்டிய உறைமண்ணின் பெரும்பகுதிக்கு மட்டும் இடமில்லை.

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உறைந்து கிடக்கும் நிலத்தை 'நிரந்தர உறைபனி' என்கிறோம். பெயரே ஏமாற்றுகிறது. அது பனியல்ல, மண், நிரந்தரமும் அல்ல. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அருகே 1960களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அந்த மண்ணைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். சுவரெங்கும் பல்லாயிரம் ஆண்டுப் பழைய வேர்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. உள்ளே போகிறவரின் மூக்கில் முதலில் ஏறுவது அழுகல் நாற்றம். செத்த செடியும் விலங்கும் மக்க வழியின்றி அடைபட்ட மண்ணல்லவா!

வடக்கு உறைமண்ணில் இப்படிச் சேர்ந்த கரிமம், அதாவது கார்பன், சுமார் 1.5 லட்சம் கோடி டன். வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மண் இளகியதும் நுண்ணுயிரிகள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. காற்று புகும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நீர் தேங்கினால் மீத்தேனும் சேர்ந்துகொள்ளும். சைபீரியாவின் பதகாய்காவில் காட்டை வெட்டியதும் நிழல் போயிற்று, மண்ணுக்குள்ளிருந்த பனிக்கட்டி உருகிற்று, நிலம் சரிந்தது. இன்று அந்தப் பள்ளம் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. இத்தகைய திடீர்ச் சரிவுகள் பருவநிலையைக் கணிக்கும் உலகளாவிய கணினி மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் இல்லை.

உங்கள் கணக்கில் இந்த மண் விடுபடுவதற்குக் காரணம் ஒரு விதி: மனிதர் 'நிர்வகிக்கும் நிலம்' மட்டுமே நாட்டின் கணக்கில் சேரும். துந்திரா எனப்படும் மரமற்ற வடதுருவ நிலத்தை யார் நிர்வகிக்கிறார்கள்? ஆனால் அதை இளக்கும் வெப்பம் நாம் மூட்டியது. அளவு உறுதியாகத் தெரியவில்லை என்பது இன்னொரு சமாதானம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் 2100க்குள் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும் கரிமம் சுமார் 1,800 கோடி டன் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. அது 300 கோடியாகவும் இருக்கலாம், 4,100 கோடியாகவும் இருக்கலாம். இடைவெளி பெரிதுதான். 300 என்றோ 4,100 என்றோ எழுதத் தயங்கும் கை, பூஜ்யம் என்று எழுத மட்டும் தயங்குவதில்லை.

பாரிஸ் ஒப்பந்தப்படி நாடுகளின் முன்னேற்றத்தை அளக்கும், 2028இல் முடியவுள்ள அடுத்த உலகளாவிய மதிப்பாய்வில் உறைமண்ணுக்குத் தனி வரி ஒதுக்குங்கள். எந்த நாட்டின் தலையிலும் கட்ட வேண்டாம். எண் கண்ணில் படட்டும். 2022இல் உக்ரைன் போர் மூண்ட பின் ரஷ்ய ஆய்வு நிலையங்களுடன் பெருமளவு அறுந்துபோன தரவுப் பரிமாற்றத்தையும் மீட்டெடுங்கள். உறைமண்ணின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளின் வாசகன்