ராமாவின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ராண்டெவூ வித் ராமா’ (1973) நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த மதிப்புரையை இரண்டு முறை படித்தேன். கதாபாத்திரங்களுக்கு உயிரில்லை, எழுப்பிய கேள்விகளுக்கு விடையும் இல்லை என்று இரண்டு குறைகளைச் சொல்லி நாவலை ஓரங்கட்டியிருக்கிறார் மதிப்புரையாளர். முதலாவது குறையை ஒப்புக்கொள்கிறேன். அவர் சொன்னது போதாது என்றுகூடச் சொல்வேன். இரண்டாவதில்தான் எனக்கு வழக்கு.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 2131ஆம் ஆண்டு சூரிய மண்டலத்துக்குள் புதிய பொருள் ஒன்று நுழைகிறது. கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயர்களெல்லாம் தீர்ந்துபோய் வானியலாளர்கள் இந்துத் தெய்வங்களிடம் வந்து சேர்ந்த காலம் அது, அதனால்தான் ராமா. (பெயரைப் பார்த்து பக்தி நூல் என்று நினைத்து வாங்கிவிட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.) குறுங்கோள் என்று நினைத்தது, கிட்டப்போய்ப் பார்த்தால் 50 கிலோமீட்டர் நீளமுள்ள உருளை, நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. ‘எண்டவர்’ விண்கலத்தின் தலைவர் நார்ட்டனும் அவருடைய ஆட்களும் உள்ளே இறங்குகிறார்கள். ராமா சூரியனை மிகவும் நெருங்குவதற்குள் வெளியேறிவிட வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். வட்ட இயக்கம் வரும்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டுவேன். ஒரு சொட்டும் சிந்தாது. ராமாவும் அந்த வாளிதான். என்ன, இங்கே நாம் வாளிக்குள் நிற்கிறோம். உள் ஆரம் 8 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 240 நொடி. கணக்குப் போட்டால், உட்புறத் தரையில் நிற்பவருக்குப் பூமியில் இருக்கும் எடையில் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. நடு அச்சில் எடையே கிடையாது. ஆகவே அச்சிலிருந்து படிக்கட்டில் இறங்க இறங்க உடம்பு கனத்துக்கொண்டே போகிறது. திரும்பி ஏறும்போது, மேலே போகப் போக இலேசாகிறது. இதைப் பாடமாக நடத்தாமல் படியிறங்குபவர்களின் கால்களில் ஏற்றிவிடுகிறார் கிளார்க்.

அதைவிட நுட்பமானது, அச்சில் நிற்கும் நார்ட்டனுக்கு ‘மேல்’ எது, ‘கீழ்’ எது என்று வரும் குழப்பம். 50 கிலோமீட்டர் ஆழமுள்ள கிணற்றின் அடியில் இருப்பதாக நினைக்கலாம். அல்லது கிணற்றின் விளிம்பில் தலைகீழாகத் தொங்குவதாக நினைக்கலாம். இரண்டாவது நினைப்பு வந்தால் கை கம்பியை விடாது. எப்படிப் பார்ப்பது என்று மனத்துக்குக் கட்டளையிட்டுக்கொண்ட பிறகே அவர் நகர்கிறார். சண்டையில்லை, அரக்கர்கள் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கங்களில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

இன்னொன்று அந்தக் கடல். உருளையின் நடுவே வளையம்போல் ஓடி, அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலும் தொங்குகிறது. வடகரையின் செங்குத்துச் சுவர் 50 மீட்டர். தென்கரையில் 500 மீட்டர். ஏன் இந்த வித்தியாசம்? வேகமெடுக்கும் பஸ்ஸில், கையிலிருக்கும் தம்ளரின் தண்ணீர் பின்பக்கம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ராமா வடக்கு முனையை முன்வைத்து வேகமெடுத்தால் கடல் தெற்கே ஏறும். அதற்கான அணை அது. அப்படியானால் உயிரற்றுக் கிடப்பதாக எண்ணிய இந்தப் பொருளுக்கு நகரும் சக்தி இருக்கிறது! ஒரு சுவரின் உயரத்திலிருந்து இதை ஊகிப்பது நல்ல துப்பறியும் கதையின் சுகம்.

குறைகளுக்கு வருகிறேன். நார்ட்டனுக்குப் பூமியில் ஒரு மனைவி, செவ்வாயில் ஒரு மனைவி. இப்படி ஒரு வாழ்க்கையை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு உருப்படியான காட்சியைக்கூட எழுதவில்லை ஆசிரியர். மற்றவர்களின் பெயர்களை மாற்றிப் போட்டாலும் உரையாடலில் பெரிய வித்தியாசம் தெரியாது. எடையற்ற நிலையில் பெண்களின் உடலைப் பற்றி நார்ட்டன் நினைப்பதாக வரும் பத்தி, எழுதிய காலத்திலேயே அசடு வழிந்திருக்கும். தெற்கே தனியாகப் பறந்து போய் ஒரே ஒரு பூவைப் பறித்துக்கொண்டு திரும்பும் ஜிம்மி பாக், ராமாவை இறைவன் அனுப்பிய பேழை என்று நம்பும் போரிஸ் ரோட்ரிகோ — இந்த இருவருக்குத்தான் கொஞ்சமாவது முகம் இருக்கிறது.

மதிப்புரையாளர் தொடாத குறை ஒன்று உண்டு, என் கணக்கில் அதுவே பெரியது. ராமா சூரியனருகே நிலைகொண்டுவிடும் என்று பயந்து, புதன் கிரகத்தில் குடியேறிய மனிதர்கள் அதை அழிக்க ஒரு அணுகுண்டை அனுப்புகிறார்கள். ரோட்ரிகோ போய் அதைச் செயலிழக்கச் செய்கிறார். அதுவரை ஆளற்ற ஓர் உலகத்தின் மௌனத்தாலேயே நம்மைக் கட்டிப்போட்டவர், திடீரென்று தன் சரக்கின் மேல் சந்தேகம் வந்து, சந்தைக்கு ஏற்ற வெடிகுண்டைக் கடன் வாங்கியதுபோல் இருக்கிறது.

இனி அந்த இரண்டாவது குற்றச்சாட்டு. ராமாவைக் கட்டியவர்கள் யார், எதற்காக அனுப்பினார்கள் என்று நாவல் சொல்லவில்லைதான். சூரியனைச் சுற்றி, வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, நம்மை ஏறெடுத்தும் பார்க்காமல் அது பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தை நோக்கிப் போய்விடுகிறது. அதுவும் எப்படி? வாயு எதையும் பின்னால் உமிழாமல், ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைக் காற்றில் பறக்கவிட்டு. பக்கத்துக்குப் பக்கம் கணக்கில் சுத்தமாக இருந்தவர் அந்த ஓரிடத்தில் விதியை முறிப்பதால்தான் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வருகிறோம். அவர் வந்து வரவேற்கவில்லை என்று கோபித்துக்கொள்வது நியாயமா? விடை வேண்டும் என்பவர்களுக்கு, 1989 முதல் ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து வந்த தொடர்ச்சி நாவல்கள் இருக்கின்றன. அவற்றில் விடைகள் கிடைக்கின்றன, என்னால்தான் முடிக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு வருத்தம். மதிப்புரையின் முடிவில் நாவலின் இறுதி வாக்கியத்தை அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். என் பேத்தி அப்போதுதான் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து பாதி வரை படித்திருந்தாள். அந்த இதழை இரண்டு நாட்கள் அவள் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி