தேயிலை வாங்கும் நிறுவனங்களுக்கும் பறிப்பவரின் உரிமையில் பொறுப்பு வேண்டும்: நீலகிரி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தேயிலைத் தொழிலாளர்கள் மற்றும் சிறு தேயிலை விவசாயிகள்,
குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் வட்டங்கள்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: தேயிலை வாங்கும், பொட்டலமிடும், ஏற்றுமதி செய்யும் தனியார் நிறுவனங்களைத் தோட்டத் தொழிலாளரின் மனித உரிமைப் பாதுகாப்பில் பொறுப்பேற்க வைக்க மாவட்ட அளவில் ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத எஸ்டேட்டில் பறிக்கும் பெண்ணுக்குக் குடியிருப்பு, மருத்துவம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைத் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொடுத்து வந்தது. இப்போது அவை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கின்றன. அதே பெண் மறுநாள் சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் பறித்தால் இவற்றில் எதையும் கேட்க அவருக்கு வழியில்லை. இரண்டு தோட்டத்து இலையும் ஒரே தொழிற்சாலையில் வாடி, ஒரே இயந்திரத்தில் அரைபட்டு, ஒரே மூட்டையில் குன்னூர் ஏலத்துக்குப் போகின்றன. வாங்கும் நிறுவனத்துக்கு இரண்டும் ஒரே தேயிலைதான். பறித்தவருக்கு மட்டும் சட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஆள் கொண்டுவரும் காண்டிராக்டர்களின் நிலையும் இதுதான். புதிய தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 50 பேர் முதலும், வெளிமாநிலத் தொழிலாளர் பகுதி 10 பேர் முதலும்தான் பொருந்தும். ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வருபவர்களை எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று பிரித்து வெவ்வேறு ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) அனுப்பினால் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறாது. அரை ஏக்கர் விவசாயியைத் தண்டிப்பது இதற்குத் தீர்வாகாது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் அவரே திணறுகிறார். ஆகவே இலைக்குப் பணம் கொடுக்கும் சங்கிலியின் மேல்முனையில் இருப்பவர்களைத் தாங்கள் அழைத்துப் பேச வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இது புதிதாக நாங்கள் கேட்பதல்ல. 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட தொழில் மற்றும் மனித உரிமைகள் குறித்த வழிகாட்டும் நெறிகள், உரிமையைக் காப்பது அரசின் கடமை, மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரண வழி இருக்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கின்றன. 13ஆம் நெறியின்படி, நிறுவனம் தானே செய்யாவிட்டாலும் தன் கொள்முதலோடு நேரடியாகத் தொடர்புள்ள பாதிப்பைத் தடுக்க முயல வேண்டும். ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்ட பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்களில் ஐந்தாவது கோட்பாடு மனித உரிமை. 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, இந்தக் கோட்பாடுகளைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் மஞ்சூரிலும் சேரம்பாடியிலும் பறிப்பவர் கணக்கில் வருகிறாரா என்று கேட்க இன்று மாவட்டத்தில் ஓர் இடம் இல்லை. அந்த இடத்தைத் தாங்கள் உருவாக்க முடியும்.

யாரை அழைப்பது என்பதில் சிரமம் இல்லை. 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தொழிற்சாலை, ஏலத் தரகர், வாங்குபவர் எல்லோரும் தேயிலை வாரியத்தில் பதிவு செய்தவர்கள். குன்னூரில் உள்ள வாரிய அலுவலகத்தில் பட்டியல் இருக்கிறது. ஏலத்தில் விற்கும் ஒவ்வொரு லாட்டுக்கும் (சரக்குத் தொகுதிக்கும்) தொழிற்சாலையின் பெயரும் இன்வாய்ஸ் எண்ணும் உண்டு. இன்வாய்ஸிலிருந்து உற்பத்தி நாளுக்கும், அந்த நாளின் பச்சை இலைப் பதிவேட்டுக்கும் போய்விடலாம். சங்கிலி அறுந்துபோவது அதற்கு அடுத்த கண்ணியில்தான். இலை ஏஜென்ட் இருபது தோட்டத்து இலையை ஒரு பிக்கப்பில் ஏற்றி வருகிறார், பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் ஏறுகிறது. அங்கே யார் பறித்தார்கள், எந்த மேஸ்திரியின் ஆட்கள் என்பதெல்லாம் மறைந்துவிடுகின்றன.

எனவே ஏஜென்ட் கொடுக்கும் இலைச் சீட்டில் நான்கு கட்டங்கள் கூடுதலாக வேண்டும்: தோட்டம் இருக்கும் ஊர், ஆட்களைக் கொண்டுவந்தவர் பெயர், அன்று பறித்தோர் எண்ணிக்கை, கடைசியாக மருந்து அடித்த தேதி. நான்காவது கட்டம் வாங்கும் நிறுவனத்துக்கே உதவும். மருந்து அடித்து உரிய இடைவெளி விடாமல் பறித்த இலையால்தான் தூளில் தங்கும் மருந்தின் எச்ச அளவு வரம்பை மிஞ்சிப் போய் சரக்குத் திரும்புகிறது. சீட்டு அச்சடிக்கும் செலவு தவிர இதற்கு வேறு செலவில்லை. வாங்கும் நிறுவனங்கள் தங்கள் கொள்முதல் நிபந்தனையில் இந்தச் சீட்டைக் கேட்டால் தொழிற்சாலைகள் தாமாகவே மாறிக்கொள்ளும்.

அடுத்தது நிறுவனங்கள் நடத்தும் தணிக்கை. சான்றிதழ்த் திட்டங்கள் பல இங்கே நடக்கின்றன, அவற்றால் தொழிற்சாலைகளுக்குள் நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. ஆனால் தணிக்கையாளர் வரும் தேதி முன்கூட்டியே தெரிகிறது. பேசக் கிடைப்பவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள், பேசும் இடம் அலுவலக அறை, கதவருகே சூப்பர்வைசர். சந்தாலியோ ஒடியாவோ மட்டும் தெரிந்த பெண்ணிடம் கேள்வி போய்ச் சேருவதே இல்லை. தணிக்கைக்குப் பேட்டி எடுக்கப்படுபவர்களில் பாதிப் பேராவது காண்டிராக்டர் மூலம் வந்தவர்களாக இருக்க வேண்டும். பேட்டி குடியிருப்பில், வேலை முடிந்த பிறகு நடக்க வேண்டும். பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும். ஆண்டில் ஒரு வருகையாவது சொல்லாமல், இலை அதிகம் வரும் மாதங்களில் நடக்க வேண்டும். இலை குறைந்த பனிக்காலத்தில் பார்த்தால் தெரிவது மிகக் குறைவு.

கூலி உண்மையில் போய்ச் சேருகிறதா என்று கண்டுபிடிக்க மூன்று தாள்களை அருகருகே வைத்தால் போதும்: எடைச் சீட்டு, காண்டிராக்டரின் கூலிப் பட்டியல், வங்கி வரவு. மூன்றும் பொருந்தினாலும் நான்காவதாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரு குழுவில் எல்லோருடைய கணக்கிலிருந்தும் வரவு வந்த அன்றே, ஒரே ஏ.டி.எம்.மில், சில நிமிட இடைவெளியில் முழுப் பணமும் எடுக்கப்பட்டிருந்தால் கார்டுகள் ஒரே கையில் இருக்கின்றன என்று பொருள். முன்பணக் கடனுக்காகக் கார்டையும் ஆதாரையும் பிடித்துவைத்துக்கொண்டு வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டம் வரை போகக்கூடிய விஷயம். இதைத் தனியார் தணிக்கையாளர் கண்டால் தன் அறிக்கைக்குள் வைத்துக்கொள்ளாமல், அன்றே கோட்டாட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும்.

எடையில் பிடிப்பதும் சிறிய தொகை அல்ல. எடுத்துக்காட்டாக, கத்தரியால் நாளுக்கு 60 கிலோ வெட்டுபவரிடம் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று 10 சதவீதம் கழித்தால் 6 கிலோ போகிறது. கிலோவுக்கு 5 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 30 ரூபாய், 25 நாளில் 750 ரூபாய். மழை நாளில் ஈரம் இருக்கும் என்பது உண்மைதான். அதற்கான கழிவு எவ்வளவு என்று எழுதி ஒட்டப்பட வேண்டும். தராசு பறிப்பவர் பார்க்கும் பக்கமாக இருக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைச் சிறிய குறையாகவே எல்லோரும் கடந்து போகிறார்கள். கழிப்பறை இல்லாத தோட்டத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று இதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தோட்ட ஓரப் புதருக்குப் போனால் காட்டெருமையும் கரடியும் நிற்கும் இடம் அது. ஒன்றரை ஏக்கர் விவசாயி தனியாகக் கழிப்பறை கட்ட முடியாது. ஆனால் இலை எடை போடும் கொள்முதல் நிலையங்கள் சாலையோரமாக ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கே தண்ணீர்த் தொட்டியுடன் பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று என்று கட்டினால் சுற்றியுள்ள பல தோட்டங்களுக்கும் பயன்படும்.

செலவுக்கு வழி உண்டு. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். வாங்கும் நிறுவனம் கிலோ தூளுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் இலைக் கணக்கில் அது 22 பைசாதான். ஆண்டுக்கு 5 லட்சம் கிலோ தூள் செய்யும் தொழிற்சாலைக்கு அது 5 லட்சம் ரூபாய். இந்தத் தொகை தூள் விற்ற விலையில் விவசாயிக்குத் தர வேண்டிய 65 சதவீதப் பங்கில் கைவைக்காமல், வாங்குபவரிடமிருந்து தனியாக வர வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். கட்டியதோடு நிறுத்தாமல், துப்புரவுக்கும் தண்ணீருக்கும் மாதச் செலவு அதிலேயே ஒதுக்கப்பட வேண்டும். பராமரிப்புப் பணம் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையை இனியும் கட்ட வேண்டாம். நிறுவனங்கள் இதைத் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் காட்டவும் இடம் கொடுக்கக் கூடாது. சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிய ஒன்றைச் செய்வது அந்த நிதியில் சேராது என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகளே சொல்கின்றன. எஸ்டேட் கழிப்பறை அந்த வகை. சிறு தோட்டங்களுக்கான கழிப்பறை கொள்முதல் செலவாகக் கணக்கில் வரட்டும்.

மருந்து அடிப்பவர்களின் நிலை கவலைக்குரியது. முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயரில் வாஷர் தேய்ந்தால் மருந்து முதுகில் வழிந்துகொண்டே இருக்கும். வேலை செய்பவருக்கு அது வியர்வை போலத்தான் தெரியும். ஒரே ஜோடி உடையைக் கொடுத்து வீட்டில் துவைக்கச் சொல்வதால் குழந்தைகளின் துணியோடு அதுவும் சேர்கிறது. வாஷர் மாற்று, கையுறை, முகமூடி, தோட்டத்திலேயே சோப்பும் தண்ணீரும், உடையைத் துவைக்கத் தனி இடம் ஆகியவற்றைத் தொழிற்சாலை மூலம் வாங்கும் நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். மயக்கம் வந்தால் மருந்துப் புட்டியின் லேபிளையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போகும்படி ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லித்தர வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து கொடுக்க வேண்டும் என்பதை அந்த லேபிளைப் பார்த்தால் மருத்துவர் விரைவாக முடிவு செய்ய முடியும்.

பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவான வழி வைத்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களின் புகார்களை மாவட்ட உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொறுப்பு அலுவலர் புகாரைப் பெற்று ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஆறு வட்டங்களின் பொறுப்பு அலுவலர் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லா இலைக் கொள்முதல் நிலையங்களிலும் தமிழ், இந்தி, மலையாளம், ஒடியா மொழிகளில் ஒட்டப்பட வேண்டும். இதைத் தங்கள் ஒரே உத்தரவில் செய்து முடிக்கலாம்.

நிறுவனங்கள் வைக்கும் புகார்ப் பெட்டி பெரும்பாலும் அலுவலக வாசலில் இருக்கிறது, சாவி மேலாளரிடம் இருக்கிறது. அதில் யாரும் எதுவும் போட மாட்டார்கள். ஐ.நா. வழிகாட்டும் நெறிகளில் 31ஆவது, புகார் வழிமுறை நம்பகமாகவும் எட்டும் தூரத்திலும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே அதன் பொருள்: மிஸ்டு கால் கொடுத்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகு, பேசுபவரின் மொழியிலேயே திரும்ப அழைக்கும் ஓர் எண். புகார் தொழிற்சாலைக்குப் போகும் முன் மாவட்டக் குழுவின் பார்வைக்கு வர வேண்டும். புகார் செய்தவரை ஆறு மாதத்துக்கு வேலையிலிருந்து நிறுத்துவதில்லை, லைன் வீட்டிலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) வெளியேற்றுவதில்லை என்று தொழிற்சாலையும் காண்டிராக்டரும் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு போய்விடும் என்ற பயம்தான் பெரும்பாலான வாய்களைக் கட்டிப்போடுகிறது.

இதில் ஓர் ஆபத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். குறை வெளியே வந்ததும் தங்கள் பெயரைக் காப்பாற்ற அந்தத் தொழிற்சாலையிடம் வாங்குவதையே நிறுத்திவிடுவது நிறுவனங்களுக்கு மிக எளிது. அதனால் முதலில் பட்டினி கிடப்பது புகார் சொன்ன பெண்தான், அடுத்து இலை விற்க இடமில்லாத விவசாயி. எனவே கார்டு, ஆதார், நிலுவைக் கூலி ஆகியவற்றுக்கு 30 நாள், கழிப்பறை, பாதுகாப்புக் கருவிகளுக்கு 90 நாள், குடியிருப்புப் பழுதுக்கு 180 நாள் என்று கால வரையறை வைத்து, அந்த நாட்களில் கொள்முதல் தொடர வேண்டும், திருத்தும் செலவில் வாங்குபவரும் பங்கேற்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் திருந்தாதவர்களிடம் வாங்குவதை நிறுத்தினால் நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

தனியாரைக் கேட்கும்போது அரசு நிறுவனங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்பதும் எங்கள் எண்ணம். டேன்டீயும் (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்), கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் இந்த இலைச் சீட்டையும் புகார் எண்ணையும் முதலில் நடைமுறைப்படுத்தினால் தனியார் மறுக்க முடியாது. ரேஷன் கடையில் ஊட்டி டீ வாங்கும் குடும்பங்களுக்கும் அது நல்ல செய்தி. ரிசார்ட்டுகளின் செப்டிக் டேங்க் சுத்தம், கேரட் கழுவும் இடங்களின் இரவு வேலை ஆகியவற்றுக்கும் இதே முறையைப் பின்னர் விரிக்கலாம். இப்போதைக்குத் தேயிலையில் தொடங்குவதே நடக்கக்கூடியது.

பச்சைத் தேயிலை விலைக் கண்காணிப்புக் குழு ஏற்கெனவே மாவட்டத்தில் இருப்பதால் புதிய அமைப்புக்கு அரசாணை தேவைப்படாது. அதன் அடுத்த கூட்டத்துக்குக் குன்னூர் ஏலத்தில் அதிகம் வாங்கும் பத்து நிறுவனங்கள், தேயிலை வாரியம், தொழிலாளர் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆகியவற்றின் அலுவலர்களையும், எங்கள் தரப்பில் வெளிமாநிலத் தொழிலாளர் ஒருவரும் பழங்குடிப் பெண் ஒருவரும் உட்பட ஐந்து பேரையும் அழைக்குமாறு வேண்டுகிறோம். செப்டம்பரில் இலை வரத்துக் கூடும் முன் கூட்டம் நடந்தால் இந்த ஆண்டுப் பருவத்திலேயே மஞ்சூர், தேவாலா ஆகிய இரண்டு இடங்களில் இலைச் சீட்டைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் தனித் தாளில்)

இணைப்பு:
நான்கு கட்டங்கள் சேர்த்த இலைச் சீட்டு மாதிரி
கொள்முதல் நிலையங்களில் ஒட்ட வேண்டிய அறிவிப்பின் நான்கு மொழி வரைவு

நகல்: தேயிலை வாரிய அலுவலகம், குன்னூர், தோட்ட நிறுவனங்கள் ஆய்வாளர், நீலகிரி மாவட்டம்.