லக்மான் சாப்பிட்டுவிட்டு என்னை மட்டும் பாராட்டியவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிறு மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் லக்மான் சாப்பிட்டார்கள். கையால் இழுத்த நூடுல்ஸ், அதன் மேல் மாட்டுக்கறியும் காய்கறியும் போட்ட குழம்பு, ஒரு கிண்ணம் வைத்தால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிற அளவுக்குக் கனமான கிர்கிஸ்தான் சாப்பாடு. "நீயாடே செஞ்ச?" என்று ஆளாளுக்குக் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, கறி அதிகமாகிவிட்டது ஒரு காரணம், இன்னொரு காரணம் இந்த மடல்.

முதல் நன்றி, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எங்கள் பக்கத்து வீட்டு துங்கான் இனப் பாட்டிக்கு. மருத்துவம் படிக்கப் போன எங்களுக்கு லக்மான் என்றால் விலை குறைவு, வயிறு நிறையும், அவ்வளவுதான் தெரியும். சீனாவில் கிளர்ச்சி தோற்றுப்போய் 1877 குளிர்காலத்தில் தியான் ஷான் மலையைத் தாண்டி வந்த முஸ்லிம்கள் உங்கள் முன்னோர் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் தட்டில் இருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். பேரே சீனப் பேர்தான், லா என்றால் இழுப்பது, மியென் என்றால் மாவில் செய்த நூடுல்ஸ். (சீனாவின் வடமேற்கில் இருக்கும் இன்னொரு முஸ்லிம் இனமான உய்குர்காரர்கள் இதைத் தங்கள் சாப்பாடு என்பார்கள். நான் இரண்டு பக்கமும் சாப்பிட்டவன், அந்த வழக்குக்குள் வரவில்லை.)

உங்கள் ரஷ்யன், என் ரஷ்யன் இரண்டுமே நொண்டி. அதனால் பாடம் முழுக்கக் கையால்தான் நடந்தது. மாவு எந்தப் பதம் என்று கேட்டதற்கு உங்கள் காது மடலைப் பிடித்துக் காட்டினீர்கள். பிசைந்து ஒரு மணி நேரம் மூடிவைத்து, பட்டையாக வெட்டி, எண்ணெய் தடவி, விரல் கனத்துக்கு உருட்டி, தட்டில் ஜிலேபி மாதிரி சுற்றி, மறுபடி அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். நான் அந்த அரை மணியைப் பத்து நிமிடமாக்கி, இழுத்த இடமெல்லாம் அறுந்து, நீங்கள் என் மணிக்கட்டில் பூரிக்கட்டையால் தட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வலிக்கவில்லை பாட்டி, வெட்கமாகத்தான் இருந்தது.

பிஷ்கெக்கின் ஓஷ் பஜாரில் கறிக்கடை வைத்திருக்கும் பைகேவுக்கு (அண்ணன் என்பதற்கு அங்கே அப்படித்தான்) அடுத்த நன்றி. நாரோடு சேர்த்து நீளமாக வெட்டினால் ரப்பர், நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் கறி என்று கத்தியை என் கையில் கொடுத்தே காட்டினார். கறி பாதி உறைந்திருந்தால் வெட்டு சுலபமாக விழும் என்பதும் அவர் சொன்னதுதான். ஜனவரியில் பால்கனியில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், ஃபிரிட்ஜே வேண்டாம்.

அப்புறம் என் அறைத்தோழன். லேய் மக்கா, முதல் குளிர்காலம் முழுக்க நான் நூடுல்ஸ் என்று சொல்லி வைத்ததெல்லாம் மாவுக்களி என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லாமல் ஊறுகாயைத் தொட்டு முழுங்கினாய் பார், அதற்கு இங்கே நன்றி எழுதினால் போதாது, நேரில் வா.

சரி, ஊருக்கு வந்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் மானம் போனது. இங்கத்து மைதா, இங்கத்துச் சூடு, மாவு கையில் எடுத்ததும் தொங்கி அறுகிறது. கடைசியில் ஒரு டப்பாவில் மாவை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பரோட்டாக் கடை மாஸ்டரிடம் போய் நின்றேன். இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தாது, தண்ணி கூடுதல். எண்ணெய தேச்சு ஈரத்துணி போட்டு மூடு. மாவு உறங்கணும்லா" என்றார். ஒரு கிலோவுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் விட்டிருந்தேன், அதை 450 மில்லியாகக் குறைத்து, உப்பை இரண்டு தேக்கரண்டி ஆக்கினேன். உப்பு மாவை இறுக்கும், ஓய்வு அதை இளக்கும், இரண்டும் இருந்தால்தான் அறுபடாமல் நீளும். பாட்டி காதைப் பிடித்துச் சொன்னதும் மாஸ்டர் கிள்ளிச் சொன்னதும் ஒரே பதம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு மத்தியானம் அவருக்குக் கடை இல்லை, வீட்டுக்கே வந்து பாதி மாவை அவர்தான் இழுத்தார். இழையைக் கையில் சுற்றி மேசையில் படார் படார் என்று அவர் அடித்தபோது பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், இருந்தாலும் சொல்கிறேன். "தேங்காய் வறுத்துப் போடாம என்ன கறி" என்று முறைத்தவள்தான், இந்த ஊர்க் கறி சட்டென்று வேகாது, முதலில் குக்கரில் நான்கு விசில் விடு என்று குழம்பைக் காப்பாற்றினாள். அந்தக் கறியைத் தண்ணீர் வற்றும்வரை எண்ணெயில் வறுத்து, வெங்காயம், தக்காளி, பிறகு முள்ளங்கி, பீன்ஸ், கடைசியில்தான் குடைமிளகாய். சீரகமும் ஒரே ஒரு அன்னாசிப்பூவும். பிஷ்கெக்கில் ஜுசாய் என்று ஒரு கீரை போடுவார்கள், பூண்டு வாசம் அடிக்கும். இங்கே கிடைக்காததால் வெங்காயத்தாளும் நசுக்கிய பூண்டும். வேகவைத்த நூடுல்ஸைப் பச்சைத்தண்ணீரில் அலசி வைத்துக்கொண்டு, பரிமாறும்போது வெந்நீரில் ஒரு முக்கு. மிளகாய்த்தூளும் பூண்டும் சேர்த்து அதன் மேல் காய்ந்த எண்ணெயை ஊற்றிச் செய்கிற லாஸா தனிக் கிண்ணத்தில். நான் திரும்பி நின்ற நேரத்தில் அம்மா ஒரு கொத்து கறிவேப்பிலையைக் குழம்பில் போட்டுவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

பாட்டிக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ரஷ்யனில் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கவில்லை. கடைசியாக வந்த சித்தப்பாவுக்கு நூடுல்ஸ் தீர்ந்துவிட்டது, மாஸ்டர் கடையில் மீந்திருந்த நான்கு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மேலே குழம்பை ஊற்றிக் கொடுத்தோம். அதுதான் லக்மான் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வேண்டும் என்கிறார்.