ஆவாரம்பூப் பாட்டு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. பேத்தி எவ்வளவு ஆசையாக அந்த மழைப்பாட்டைத் தொடங்கினாள்! இரண்டாவது வரியிலேயே மறித்துவிட்டாய். "மலை இல்லை, மழை. என்ன பாடுகிறாய் என்று உனக்குத் தெரியுமா?" பிள்ளை அதோடு வாயை மூடிக்கொண்டாள். ஒஸ்லோவில் பிறந்தவளுக்குத் தமிழ் தூரத்து மொழி, மகள். சொல்ல எனக்கும் நோகிறது. ஆனால் விளங்காத மொழிப் பாட்டில் மனம் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் அறிவேன்.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு உன் அப்பப்பா வீட்டில் யாரையும் பேச விடமாட்டார். இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி போகும் நேரம் அது. 1952இல் இந்திய அரசின் வானொலியான ஆகாசவாணி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது, இந்தியாவே கொழும்பு நிலையத்தைத் தேடி வந்தது. ஒரு சொல்லும் விளங்காமல் நாங்களும் பாயில் இருந்து கேட்டோம்.

கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதினேன். நமக்கு 'ப' ஒன்றுதான். இந்தியில் அது நாலு விதம். மூச்சு சேர்ந்து வருகிற 'ப'வுக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுவேன். முதல் பக்கத்தில் இருப்பது 1951இல் வந்த 'ஆவாரா' படத்தில் முகேஷ் பாடிய பாட்டு. ஆவாரா என்றால் ஆவாரம்பூ என்றே நம்பியிருந்தேன். அந்தக் குரலின் ஏக்கத்துக்கு, ஆளில்லாத இடத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரை பொருத்தமாகவே இருந்தது.

இருபது வருடம் கழித்து, குவைத்தில் என்னோடு வேலை செய்த பீகார்க்காரரிடம் கேட்டேன். நாடோடி என்றார். வீடு வாசல் இல்லாமல் திரிகிறவன். அன்று இரவு கட்டிலில் படுத்தபடி அதே பாட்டை மெல்லப் பாடினேன், முடிக்க முடியவில்லை. உனக்கு அப்போது மூன்று வயது, நான் உன்னைப் பார்த்து ஒன்றரை வருடம். அர்த்தம் பிந்தித்தான் வந்தது, மகள். ஆனால் தெரியாமலே பாடித் திரிந்திராவிட்டால் அவரிடம் அதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

போர்த்துக்கேயர் வழி வந்த நம் ஊர்ப் பறங்கியரை நினைத்துப் பார். 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்ததோடு போர்த்துக்கேயர் ஆட்சி இங்கே முடிந்தது. அவர்கள் விட்டுப்போன பேச்சு இன்று சில வீடுகளில்தான் கேட்கிறது. ஆனாலும் கல்யாண வீட்டில் வயலின் எழும்பினால் கஃப்ரிஞா ஆட்டத்துக்குக் கால் தானாக எழும்புகிறது. பாட்டு இருப்பதால்தான் அந்தச் சொற்கள் இன்னும் வாயில் இருக்கின்றன.

மாமாங்கக் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னாயே. என் கொப்பியைப் பேத்தியிடம் காட்டப்போகிறேன். 1978 சூறாவளியில் கூரை பறந்த வீட்டிலிருந்து எடுத்தது. சிவப்புக் கோடுகள் நனைந்து ஊறி, பக்கத்துக்குப் பக்கம் இளஞ்சிவப்பாகப் பரவியிருக்கின்றன. எழுத்து மட்டும் அழியவில்லை. அவளும் நோர்வே எழுத்தில் தன் மழைப்பாட்டை எழுதிக்கொள்ளட்டும். 'ழ'வுக்கு என்ன அடையாளம் போடுவது என்று அவளே யோசிக்கட்டும். அதுவரை அவள் பாடும்போது மறிக்காதே.

அன்புடன்,
அப்பா