நிதி இருந்தால் தருகிறோம் என்ற கடிதத்தை வைத்து விசா வாங்க முடியாது

ஒன்றிய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறை அமைச்சர் அவர்களுக்கும், தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் வட தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள். உங்கள் திட்டத்தைப் பற்றி முதன்முதலில் அவர்களுக்குச் சொல்வது பெரும்பாலும் என்னைப் போன்ற ஆசிரியர்கள்தான். திட்டம் நல்ல திட்டம். 1954-55இல் தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கும், சீர்மரபினர், நாடோடி இனத்துப் பிள்ளைகளுக்கும், நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்விக் கட்டணம் முழுவதையும் கட்டி அனுப்பும் வேறொரு திட்டத்தை ஒன்றிய அரசில் எளிதில் காட்டிவிட முடியாது. அது கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

2025 ஜூலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அந்த ஆண்டுக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அதில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஒப்புதல் கடிதம் போனது. மீதி 66 பேருக்கு, நிதி கிடைப்பதைப் பொறுத்துத் தரப்படும் என்று சொல்லப்பட்டது. அந்த 66 பேரில் பிறகு யாருக்கு எப்போது கிடைத்தது என்பது வேறு கதை. ஜூலை மாதத்தில் ஒரு பிள்ளையின் கையில் அப்படியொரு பதில் இருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்ப்போம்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வகுப்புகள் செப்டம்பர் கடைசியில் தொடங்கிவிடும். அதற்கு முன் விசா வேண்டும். விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண் வேண்டும். அந்த எண்ணைத் தருவதற்குப் பல பல்கலைக்கழகங்கள் இந்திய மாணவர்களிடம் சில ஆயிரம் பவுண்டு முன்பணம் கேட்கும், அல்லது செலவை அரசு ஏற்கிறது என்ற கடிதம் கேட்கும். காசநோய்ப் பரிசோதனைச் சான்று தனி. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு என்று படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். இந்தச் சங்கிலி முழுவதும் உங்களுடைய ஒரே ஒரு கடிதத்தில் தொங்குகிறது. 'நிதி இருந்தால்' என்று எழுதிய கடிதத்தை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

இப்படிப்பட்ட நேரத்தில் யார் சமாளிப்பார்கள்? வீட்டில் கொஞ்சம் வசதி இருப்பவர்கள். நகையை அடகு வைத்தோ, சொந்தக்காரரிடம் வாங்கியோ முன்பணத்தைக் கட்டிவிட்டு உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்க அவர்களால் முடியும். மற்றவர்களுக்குச் சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லி மின்னஞ்சல் போடுவதுதான் மிச்சம். அதைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று வடிகட்டி எடுத்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் கையில் ரொக்கம் உள்ளவர்தான் தாண்ட முடியும் என்று ஆக்கினால் அந்த வடிகட்டலுக்கு என்ன பொருள்?

நிதி ஒப்புதல் உங்கள் ஒரு துறையின் கையில் மட்டும் இல்லை என்பது புரிகிறது. ஆனால் இந்தத் திட்டத்தின் செலவு ஏப்ரலில் திடீரென்று முளைப்பதல்ல. மொத்தமே 125 இடங்கள்தான். அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று முந்தைய டிசம்பரிலேயே கணக்குப் போட்டுவிடலாம். பணத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகு விண்ணப்பம் கேளுங்கள். எண்ணிக்கை குறைகிறது என்றால் அறிவிக்கையிலேயே குறைத்துச் சொல்லுங்கள். தேர்வாகிவிட்டாய் என்று சொல்லிவிட்டு, ஆனால் காத்திரு என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, பணம் வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வருகிறது? வாழ்க்கைச் செலவுக்குப் பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டு, மற்ற நாடுகளில் 15,400 டாலர். பல ஆண்டுகளாக இதே தொகைதான். 9,900 பவுண்டை மாதத்துக்கு வகுத்தால் 825. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசே மாணவர் விசாவுக்கு வைத்த குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவு, லண்டனில் மாதம் 1,483 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,136. விசாவுக்கு ஒன்பது மாதக் கணக்குதான் பார்ப்பார்கள் என்று யாராவது சொல்லலாம். 9,900ஐ ஒன்பதால் வகுத்தாலும் 1,100தான், லண்டனுக்கு வெளியேகூட எட்டவில்லை. அரசு உதவித்தொகை பெறுபவர் என்பதால் விசா அதிகாரி வங்கிக் கணக்கைத் துருவாமல் விடலாம். வாடகை வாங்கும் வீட்டு உரிமையாளர் அப்படி விடமாட்டார்.

அந்த நாடு தன் ஆய்வாளர்களுக்கு என்ன தருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அங்குள்ள அரசு ஆய்வுக் குழுக்கள் முனைவர் பட்ட மாணவருக்கு 2025-26க்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச ஆண்டு உதவித்தொகை 20,780 பவுண்டு. ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரும் இருவரில் நம் பிள்ளைக்கு அதில் பாதியைவிடக் குறைவு. மிச்சத்துக்கு அவர் கடையில் பெட்டி அடுக்கப் போவார். வாரத்துக்கு இருபது மணி நேரம் வரை விசா அனுமதிக்கிறது. அந்த இருபது மணி நேரமும் ஆய்விலிருந்துதான் போகிறது. அப்புறம் நான்கு ஆண்டுக்குள் ஏன் முடிக்கவில்லை என்று நீங்களே கேட்பீர்கள். அந்தந்த நாடு தன் மாணவர் விசாவுக்கு அறிவிக்கும் தொகையோடு உங்கள் தொகையை இணைத்துவிட்டால் போதும், ஆண்டுதோறும் யாரும் மனு எழுத வேண்டியிருக்காது.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்தும் விஷயம். 2022-23க்கான வழிகாட்டு நெறிமுறைகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுகள் ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்று சேர்த்தீர்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வளம் இருக்கிறதே என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், வளம் பாதிதான் இங்கே இருக்கிறது.

என் மாணவி ஒருவர் பஞ்சமி நிலங்களைப் பற்றி ஆராய விரும்புகிறார். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்கும் கதை அது. மறு ஆண்டில் அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது, அப்படி ஒதுக்கியவைதான் பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாண அரசின் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, உண்மை. ஆனால் லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா அலுவலகத்தின் பதிவேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கிருந்து போன கடிதத்தை வைத்து அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று பார்க்க அங்கேதான் போக வேண்டும். இது ஒன்று மட்டுமல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரில் தொடங்கி அங்கே வந்த மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் ஃபிராங்கே நிறுவனத்தில் உள்ளன. பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. இவற்றையெல்லாம் ஐரோப்பிய மாணவர் வந்து படிக்கலாம், வசதியான வீட்டு இந்திய மாணவர் சொந்தக் காசில் போய்ப் படிக்கலாம். யாருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அந்தக் கோப்பில் எழுதியிருக்கிறதோ, அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் அரசுப் பணத்தில் போகக் கூடாது.

ஆவணம் மட்டும் காரணமும் அல்ல. சாதியைப் பற்றி ஆராய வரும் மாணவருக்கு இங்கே நெறியாளர் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது துறைகளில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தலைப்பைக் கொஞ்சம் 'மென்மையாக்க' சொல்லும் அறிவுரை எத்தனை அறைகளில் சொல்லப்படுகிறது என்பதும் தெரியும்.

உங்கள் அலுவலகச் சுவரில் அண்ணல் அம்பேத்கரின் படம் இருக்கும். அவர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. 1916 மே மாதம் நியூயார்க்கில் ஒரு மானிடவியல் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. உங்கள் இன்றைய விதியின்படி அந்தத் தலைப்புக்குப் பணம் இல்லை. பிறகு லண்டனுக்குப் போய் ஆய்வைத் தொடங்கினார்; உதவித்தொகை முடிந்ததும் 1917இல் அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அவர் ஊர் திரும்பினார். பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு, கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் நண்பரிடம் வாங்கிய கடனும் சேர்ந்து 1920இல் மறுபடியும் கப்பல் ஏறினார். லண்டன் முனைவர் பட்டம் (டி.எஸ்சி.) 1923இல்தான் கைக்கு வந்தது. பணம் நடுவில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் துறைக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இன்னும் சில சில்லறைக் குறைகள் உண்டு. பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். தரவரிசை மொத்தப் பல்கலைக்கழகத்துக்கானது, குறிப்பிட்ட துறை எப்படிப்பட்டது என்று அது சொல்லாது. நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் 4 இடங்கள் என்பதைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதை அப்படியே விட்டுவிடுகிறேன். பழங்குடியினருக்கான தனித் திட்டம் வேறு அமைச்சகத்தின் கீழ் ஆண்டுக்கு 20 பேரோடு நிற்கிறது. அது அவர்களுக்கு எழுத வேண்டிய கடிதம்.

அந்த மாணவி வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டார். விஏஓ, ஆர்ஐ எல்லாம் தாண்டி அது தாசில்தாரிடம் போயிருக்கிறது. அடுத்து என்னிடம் பரிந்துரைக் கடிதத்துக்கு வருவார். அதில் பஞ்சமி நிலம் என்ற அவருடைய உண்மையான தலைப்பை எழுதட்டுமா, அல்லது உங்கள் விதிக்குப் பொருந்தும்படி வேறொன்றை யோசிக்கச் சொல்லட்டுமா? அடுத்த அறிவிக்கை வருவதற்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். விதியை நீக்கி உத்தரவு போட்டால் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்