கண் கட்டியிருப்பவரிடம் விளையாட வேண்டாம்

மதுரையில் உள்ள நம் ப்ரீமேசன் லாட்ஜின் (சகோதரத்துவ சங்கக் கிளையின்) முன்னாள் மாஸ்டர்களுக்கும் (தலைவர்களுக்கும்) மூத்த சகோதரர்களுக்கும், ஜூனியர் டீக்கன் எழுதும் திறந்த மடல்.

மதிப்புக்குரிய சகோதரர்களே,

போன கூட்டத்தில் வெளியறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதிப்பேர் அங்கேயே நின்றிருந்தீர்கள், மீதிப்பேர் சாப்பாட்டு மேசையில் கேட்டுச் சிரித்தீர்கள். அதனால் கதையை நீட்டவில்லை. சங்கத்தில் புதிதாகச் சேர வந்து, சடங்குக்காகக் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருந்த கேண்டிடேட்டின் தலையில் மூத்தவர் ஒருவர் பாட்டில் தண்ணீரைத் தெளித்து, "பாண்டி கோயில் கிடா உத்தரவு குடுக்குதான்னு பாப்போம், தலையை ஆட்டுப்பா" என்றார். அந்த மனிதர் நாற்காலியோடு துள்ளிவிட்டார். காலர் நனைந்த கோலத்தில்தான் அவர் என் கைக்கு வந்தார்.

இதைப் போய் வெளிப்படையாக எழுதலாமா என்று கேட்பீர்கள். கமிட்டியில் வாயால் சொல்லிப் பார்த்தேன். "தம்பி, எங்க காலத்துல இதுக்கு மேல நடந்திருக்கு" என்ற பதிலோடு பேச்சு டீக்குப் போய்விட்டது. ரகசியம் எதையும் இங்கே நான் உடைக்கவில்லை. கண்கட்டு, உடம்பிலுள்ள உலோகத்தைக் கழற்றுவது, நாம் இடுப்பில் கட்டும் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் எல்லாம் அச்சில் வந்து எத்தனையோ காலமாகிறது.

நான் முதலில் கேட்பது இதுதான். கேண்டிடேட் காத்திருக்கும் அறைக்குள் வாசல் காவலரான டைலரும் அவரை முன்மொழிந்தவரும் தவிர யாரும் போகக் கூடாது.

நம்மிடம் வருகிறவர் எதையெல்லாம் தாண்டி வருகிறார் என்று கொஞ்சம் யோசியுங்கள். போனைத் திறந்தால் இல்லுமினாட்டி வீடியோ. வீட்டில் சொன்னால், "ஏதாவது எழுதி வாங்கிக்குவாங்களா?" என்று மனைவி கேட்கிறார். வடக்கே பழைய மேசானிக் ஹால்களை ஜாதூகர் (மந்திர வீடு) என்று ஊரே கூப்பிட்டிருக்கிறது, அந்தப் பயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் படியேறி வந்து உட்காருகிறார் என்றால், அவரை முன்மொழிந்தவர் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான் காரணம்.

உலோகம் கழற்றும் நேரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? வாட்ச், சாவி, சில்லறை எல்லாம் சுலபமாக வந்துவிடும். மோதிரத்துக்கு சோப்பு நுரை வேண்டியிருக்கும். கடைசியில் நிற்பது வெள்ளி அரைஞாண் கொடி. மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இந்த மனிதர் அதில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். "இதைக் கழட்டினா ஒண்ணும் ஆகாதுல்ல சார்?" என்று கேட்டார். நம்மூரில் ஆண்பிள்ளையின் இடுப்பிலிருந்து அரைஞாணை எப்போது எடுப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் அதைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, அப்புறம் வெள்ளியை எடுக்கச் சொன்னேன். மனிதருக்கு மூச்சு வந்தது. எந்த ரிச்சுவல் புத்தகத்திலும் இது கிடையாது. இப்படிப் பார்த்துப் பார்த்துத் தேற்றி வைத்த ஆளிடம்தான், நான் உள்ளே போன பிறகு உங்கள் கிடா வெட்டு நடந்தது.

முதல் டிகிரியில், அதாவது புதியவரைச் சேர்க்கும் இனிஷியேஷன் சடங்கில், கேண்டிடேட்டைக் கைபிடித்துச் சுற்றி வருவது ஜூனியர் டீக்கன் வேலை. அவருடைய வலது கை என் இடது கையில் இருக்கும். "இடது காலை முதல்ல வைங்க, படி இல்லை, சமதரைதான்" என்று காதோடு சொல்லிக்கொண்டே போவேன். கதவைத் தாண்டும்போது ஜில்லிட்டுக் கிடக்கும் கை, பாதிச் சுற்றில் பிடியைத் தளர்த்திவிடும். இந்தத் தடவை தளரவே இல்லை. அடுத்து எங்கிருந்து என்ன வந்து விழுமோ என்று கடைசிவரை தோளைக் குறுக்கிக்கொண்டே நடந்தார். மாஸ்டர் உறுதிமொழியைச் சொல்லிக் கொடுத்தபோது பாதி வார்த்தை அவர் காதிலேயே ஏறவில்லை. போதாததற்கு, என் காதோடு பேச்சுக்கு மேலே ஓரத்து நாற்காலிகளிலிருந்து நான்கைந்து முன்னாள் மாஸ்டர்கள் ஒரே நேரத்தில் அடியெடுத்துக் கொடுக்கிறீர்கள். யார் சொல்வதை அவர் கேட்பார்?

சரி, அதையும் விடுங்கள். கட்டு அவிழ்ந்து, மேசையில் கீதையும் குர்ஆனும் பைபிளும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து, வடகிழக்கு மூலையில் வந்து நின்ற பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. தர்மத்துக்கு ஏதாவது தர முடியுமா என்று அவரிடம் கேட்கும் இடம் அது. கையில் காலணா இல்லாமல் நிற்பவரிடம் கேட்கிறோம். நாளைக்கு ஒருவன் தன்னிடம் வந்து கையேந்தும்போது இந்த நிமிடம் நினைவுக்கு வரட்டும் என்றுதான் அத்தனையையும் கழற்றச் சொன்னோம். எத்தனையோ பேர் அந்த இடத்தில் வெறும் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கியிருக்கிறார்கள். இவர் என்ன செய்தார்? இதுவும் உங்கள் கேலிதான் என்று நினைத்து, "அதான் வெளியிலேயே எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்களே" என்று சிரித்தார். ஹால் முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் சொன்ன விளக்கம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது. அவருக்கு அந்த நிமிடம் இனிமேல் கிடைக்காது. முதல் டிகிரியை ஒருவருக்கு இரண்டு தடவை கொடுக்க முடியாது.

அவரை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாக்குப் பெட்டி இருந்தது, எதிர்ப்பைக் காட்டும் கறுப்பு உருண்டையும் இருந்தது. அதை யாரும் போடவில்லையே.

விருந்தில் நம் பெருமைக்குக் குறைச்சலே இல்லை. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்துல் உமரா 1770களில் பக்கத்துத் திருச்சியிலேயே சேர்ந்தவர், விவேகானந்தர் 1884இல் கொல்கத்தாவில் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் சேர்ந்தவர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து சொல்கிறீர்கள். அவர்கள் தலையில் யாரும் தண்ணீர் தெளித்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். 1961இல் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா உருவான கதையை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், ரிகர்சல் எந்தக் கிழமை என்று கேட்டால் என்னைப் பார்க்கிறீர்கள். கறிதோசையா பிரியாணியா என்று முடிவு செய்ய அரை மணி நேரம் விவாதம் ஓடுகிறது. ரிகர்சலில் கேண்டிடேட் இடத்தில் நிற்க ஆளில்லாமல் வாட்ச்மேனைக் கூப்பிடலாமா என்று நானும் சடங்கு முறையைக் கவனிக்கும் டைரக்டர் ஆஃப் செரிமனீஸும் முழித்துக்கொண்டு நிற்கிறோம். கூட்டத்துக்கு லேட் என்றால் சித்திரைத் திருவிழா நெரிசல் என்கிறீர்கள். ஐப்பசியிலுமா? நீங்கள் கோட்டும் டையுமாக நிதானமாக வந்து சேரும்வரை, காற்றே வராத அந்த அறையில் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வியர்த்து வழிகிறார்.

கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன், வயதில் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களில் பலர் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். கையை இறுக்கிப் பிடிக்காதே, ஏந்திப் பிடி என்று எனக்குச் சொன்னதே உங்களில் ஒருவர்தான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். சிரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரன் கட்டிய பிறகு விருந்தில் அவரை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம். அப்போது அவருக்குக் கண் தெரியும், யார் பேசுகிறார்கள் என்று தெரியும், திருப்பிக் கொடுக்கவும் வாய் இருக்கும்.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கேண்டிடேட் இருக்கும் அறைக்குள் டைலரும் முன்மொழிந்தவரும் தவிர யாரும் போக வேண்டாம். சொன்ன நேரத்தில் எல்லோரும் வந்த பிறகே கண்ணைக் கட்டுவோம். சடங்கின்போது அடியெடுத்துக் கொடுப்பதை டைரக்டர் ஆஃப் செரிமனீஸ் ஒருவரிடமே விட்டுவிடுவோம். மாஸ்டர் அவர்கள் இதை அடுத்த கமிட்டியில் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும். வெறும் அறிவுரையாகச் சொன்னால் அதுவும் டீயோடு போய்விடும்.

அடுத்த இனிஷியேஷனுக்கு முந்தின வாரம் ரிகர்சல் வைத்திருக்கிறோம். வர முடிந்தவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காபி மட்டும்தான் கிடைக்கும்.

சகோதர அன்புடன்,
உங்கள் ஜூனியர் டீக்கன்