பக்கெட்டில் இறங்கிய அப்பர்

திருப்பாப்புலியூர்,
கடலூர் – 2

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. கோபிக்காதே. இவருக்குக் கண்புரை எடுத்தோம். சொட்டு மருந்து போடுவதும், 'கண்ணைக் கசக்காதீங்க' என்று காவல் இருப்பதுமாகவே நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது. சுவரில் இருக்கும் ஒட்டடை வரைக்கும் தெரிகிறது, அதுதான் எனக்குப் புதுத் தொல்லை.

பேரனுக்கு நாலு வயசாகிறது, சாமி கதை எப்படி ஆரம்பிப்பது, நல்ல புத்தகமாகப் பார்த்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். புத்தகம் அனுப்பவில்லை. அதற்குப் பதில் போன மாதம் எங்கள் வீட்டு பாத்ரூமில் நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தின நாள் ராத்திரி கரண்ட் போயிற்று. பேத்தி பாப்பாவுக்கு அப்பர் கதை சொன்னேன். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு யார் கதையைச் சொல்வது? பிறந்தது பண்ருட்டிப் பக்கம் திருவாமூர். சூலை என்கிற வயிற்றுவலி தீர்ந்தது திருவதிகை. கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள், கல்லே தெப்பமாக மிதந்து அவர் ஒதுங்கியது நம் வண்டிப்பாளையத்துப் பக்கம் கரையேறவிட்ட குப்பம். அங்கிருந்து நேராக நம் பாடலீஸ்வரர் கோயிலுக்கு வந்து 'ஈன்றாளுமாய்' பாடினார். காலையில் கிளம்பினால் எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் சத்தமே இல்லை. பிள்ளை இருக்கும் வீட்டில் சத்தம் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். பக்கெட் நிறையத் தண்ணீர். நான் இஞ்சி இடிக்கிற குட்டிக் குழவியை எடுத்து, தலைக்குக் கட்டுகிற சிவப்பு ரிப்பனால் அவளுடைய பிளாஸ்டிக் பொம்மையோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். பொம்மை நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. பாவம், அடியில் கிடந்தது.

"பாட்டி, முங்கிப் போச்சு."

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது, "பொம்மைக்குப் பாடத் தெரியாதே" என்பதுதான். சொன்ன உடனேயே தெரிந்தது, தப்பான பதில். அவள் விடுவாளா? மறுபடி எடுத்து, பொம்மைக்காகத் தானே 'நற்றுணையாவது நமச்சிவாயவே' என்று ராகம் போட்டுப் பாடி இறக்கினாள். மறுபடியும் முங்கியது. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். "இந்தக் கல்லுக்குக் கதை தெரியாது போல." அப்புறம் ரிப்பனை அவிழ்த்தாள். பொம்மை குப்பென்று மேலே வந்து மல்லாந்து மிதந்தது.

"அவுத்துவிட்டா மிதக்குது பாட்டி. அப்பரையும் யாராச்சும் அவுத்துவிட்டிருப்பாங்களா?"

"இருக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? எங்கள் பாட்டியாக இருந்தால் சாமி விஷயத்தில் என்ன கேள்வி என்று தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ அவிழ்த்துவிட்டார்கள் என்றுதானே அவரும் பாடினார்.

ஒன்று மட்டும் எனக்கே தொண்டையில் மாட்டிக்கொண்டது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டில் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து குடிவந்திருக்கும் நயினார் குடும்பம். தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணும் இவளும் காலையிலிருந்து ஒரே பாயில்தான். நான் கதை சொல்கிற அன்றும் அவள் என் மடியில் இந்தப் பக்கம், இவள் அந்தப் பக்கம். 'அப்பர் சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதும், சமணர்கள் அரசனிடம் போய்ச் சொல்ல...' என்று நாம் கேட்டபடியே ஆரம்பிக்க வாயெடுத்தேன், நின்றுவிட்டேன். அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? 'ராஜாவுக்குக் கோபம் வந்தது' என்று மட்டும் சொல்லித் தாண்டிவிட்டேன்.

அது பொய்யா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பெரியபுராணத்தில் இருப்பதை நான் மறைத்தேன்தான். ஆனால் அப்பர் தருமசேனர் என்ற பெயரோடு படித்ததும் இதே ஊர் சமணப் பள்ளியில்தானே? அதை நமக்கு யார் அழுத்திச் சொன்னார்கள்? பின்னால் அந்த அரசன் மனம் மாறி, பாடலிபுத்திரம் என்று பெயர் இருந்த நம் ஊர்ச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்றும் அதே புராணம்தான் சொல்கிறது. ஐந்து வயசுக்கு இது எதுவும் வேண்டாம். பத்து, பன்னிரண்டு வயசில் சொல்வேன், இரண்டு பேரையும் உட்காரவைத்து, மறைக்காமல். இப்போதைக்கு அவர்களுக்குத் தேவை கல்லும் கடலும் பாட்டும்தான். நீ வேறு மாதிரி நினைத்தால் எழுது, சண்டை போடலாம்.

இன்னொன்று. இங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் இவளைச் சேர்த்தாள் மகள். மூன்று வாரம் போனாள். ஒவ்வொரு கதை முடிந்ததும் 'இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது என்ன?' என்று கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லி, ஒப்பிக்க வைத்தார்கள். நாலாம் வாரம் கண்ணப்பர் கதையை நான் ஆரம்பித்தபோதே 'நாம் அன்பாக இருக்க வேண்டும், முடிஞ்சுது, தூங்கலாம்' என்றாள். நிறுத்திவிட்டோம். நீதியை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை எதற்குக் கதை கேட்கும்? நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். கிருஷ்ணன் ஜிம்முக்குப் போய் வந்தவன் மாதிரி இருக்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. வெண்ணெய் தின்ற உடம்பு அது, கொஞ்சம் தொப்பை வேண்டாமா?

அப்பர் கதையில் அவளுக்கு உண்மையில் பிடித்தது அப்பரே இல்லை, அவருடைய அக்கா திலகவதியார். நிச்சயம் செய்த மாப்பிள்ளை கலிப்பகையார் போரில் இறந்து போகிறார், அப்பா அம்மாவும் இல்லை. தானும் போய்விடலாம் என்று நினைக்கிறவள், தம்பி தனியாகிவிடுவானே என்று உயிரைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தத் தம்பி பெரியவனாகி, இவளை விட்டு வேறு மதத்துக்குப் போய்விடுகிறான். வருஷங்கள் கழித்து வயிற்றுவலியோடு ராத்திரியில் வந்து நிற்கும்போது ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, விபூதியை எடுத்துக் கொடுக்கிறாள். எங்கள் பாப்பாவுக்கும் இரண்டு வயசில் ஒரு தம்பி உண்டல்லவா, கிரேயானைக் கடித்துத் தின்கிற தம்பி. "அவங்க அடிக்கவே இல்லையா பாட்டி?" என்று மூன்று முறை கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

திருவந்திபுரத்துக்கும் ஒரு நாள் போனோம். பெருமாளுக்குத் தாகம் எடுத்த கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கருடன் தண்ணீர் கொண்டுவரப் போய்த் தாமதமாகிவிட, ஆதிசேஷன் வாலால் தரையை அடித்துத் தீர்த்தம் வரவழைத்துவிட்டான். பிறகு வந்து சேர்ந்த கருடன் கண்ணீர் விட, அந்தத் தண்ணீரையும் பெருமாள் வாங்கிக்கொண்டார். சேஷன் கொண்டுவந்தது கோயில் கிணறு, கருடன் கொண்டுவந்தது கெடிலம் ஆறு. பள்ளிக்கூட வேனுக்குத் தினமும் கடைசியாக ஓடுகிற எங்கள் பாப்பாவுக்கு இந்தக் கதை தேன். இப்போதெல்லாம் 'கருடன் மாதிரி லேட்டா வந்தாலும் ஏத்துக்கணும்' என்று டிரைவரிடம் சொல்கிறாளாம். வழக்கப்படி அந்தக் கோயில் கிணற்றில் உப்பும் மிளகும் போடச் சொன்னேன். உப்பைப் போட்டுவிட்டு மிளகை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள்.

வடலூரும் போய்வந்தோம். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை, பந்தியில் உட்காரவைத்தேன். பக்கத்தில் இருந்த தாத்தாவுக்குத் தன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கொடுத்தாள்.

போன ஞாயிறு கரையேறவிட்ட குப்பம். அங்கே நின்றால் இப்போது கடல் தெரியாது. 'கடல் எங்கே?' என்று சண்டைக்கு வந்தாள். அது தள்ளிப் போய்விட்டது என்றேன். முதுகில் பை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள், பார்த்தால் அதற்குள் இவருடைய ஈரிழைத் துண்டு மடித்து வைத்திருக்கிறது. எதற்கடி என்றால், "நனைஞ்சு போய்த்தானே ஏறி வந்திருப்பாரு? யாரு தொடைச்சுவிட்டாங்க?" கதையில் அது எங்கேயும் வரவில்லை என்றேன். அந்தத் துண்டை அங்கேயே ஒரு கல்லின் மேல் விரித்துவிட்டு வரப் பார்த்தாள். நல்லவேளை, இவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, எடுத்து வந்துவிட்டார்.

மாசி மகத்துக்குக் கட்டாயம் வா. தேவனாம்பட்டினத்துக்குச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும், உன் பேரனைக் கடலில் நனையவிடலாம். புனேயிலிருந்து வரும்போது கல்லில் செய்த சின்ன உரலும் குழவியும் கிடைத்தால் வாங்கி வா. பக்கெட்டில் இறங்கியதில் என் குழவியின் நுனி உடைந்துவிட்டது, டம்ளர் அடியால்தான் இஞ்சி நசுக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
மங்கை